ஐஃபெல் எரிமலை ஏரிகள்: முழங்கால் வலியுள்ள தாயாருடன் இரண்டு நாள்

கேள்வி
வணக்கம். ஜெர்மனியின் கொலோனில் வசிக்கிறோம். மே மாதத்தில் இரண்டு நாள் ஐஃபெல் பகுதிக்குச் சென்று, எரிமலை வெடித்த குழிகளில் நீர் தேங்கி உருவான ஏரிகளைச் சுற்றி நடக்க எண்ணியிருக்கிறோம். ஒன்பது வயது மகனும், முழங்கால் வலியுள்ள என் தாயாரும் உடன் வருகிறார்கள். லாக்கர் ஏரி, புல்வர்மார், டௌன் நகரருகே உள்ள மூன்று ஏரிகள் அனைத்தையும் பார்த்துவிட முடியுமா? பாதைகள் செங்குத்தானவையா?

பதில் 1
அனைத்தையும் பார்க்கலாம், ஆனால் காருக்குள் இருந்துதான். முதல் நாளை டௌன் ஏரிகளுக்கே ஒதுக்குங்கள். வைன்ஃபெல்டர் ஏரிக்கும் ஷால்கன்மேரன் ஏரிக்கும் இடையிலுள்ள மேட்டில் நின்றால், ஒன்றின் நீர்மட்டம் மற்றதைவிட ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருப்பது கண்ணுக்கே தெரியும். வைன்ஃபெல்டர் கரையில் ஒரு சிறு தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் மட்டும் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருந்த ஊர் 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயால் அழிந்தது. 'இறந்தோர் ஏரி' என்ற பெயரும் வைன்ஃபெல்டர் ஏரிக்கு உண்டு. அங்கே நீந்தத் தடை என்பதை மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 2
பாதையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டௌன் ஏரிகள் மலையுச்சியில் அமைந்தவை அல்ல. மேலெழுந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீராவி வெடித்து, தரையையே குடைந்து உண்டாக்கிய பள்ளங்கள் இவை. ஆகவே முதலில் இறங்கி, களைத்த பிறகு ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்கு இறக்கமே பகை. தாயாரை ஷால்கன்மேரன் ஊரிலேயே இறக்கிவிட்டால், கரையோரப் பாதையில் அதிக ஏற்ற இறக்கமின்றி நடக்கலாம். நீங்களும் மகனும் மௌஸபெர்க் குன்றின் கோபுரத்துக்கு ஏறி வரலாம்.

பதில் 3
லாக்கர் ஏரியை இரண்டாம் நாள் தனியாகப் பாருங்கள். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் நிலம் உள்வாங்கி உருவான ஏரி அது. கிழக்குக் கரையில், உலை கொதிப்பதுபோல் நீரில் குமிழிகள் எழும். நீரோ குளிர்ந்தே இருக்கும். குமிழிகளில் வருவது தாழ்வான இடங்களில் தேங்கும் கரியமில வாயு என்பதால், கரையோரப் பள்ளங்களில் குனிந்து விளையாட மகனை அனுமதிக்க வேண்டாம். 1093இல் நிறுவப்பட்ட மடாலயம் எதிர்க்கரைப் பக்கம் இருக்கிறது. தாயார் அங்கே அமர்ந்திருக்கலாம்.

கேட்டவர்
நன்றி. புல்வர்மாரை விட்டுவிடுகிறோம். குமிழி என்றதும் மகன் இரண்டாம் நாளையே முதல் நாளாக்கச் சொல்கிறான்.