ரிப்போர்ட்டில் நார்மல், டாக்டர் பயாப்ஸி என்கிறார்

மாலைநடை:
வயது 63. புராஸ்டேட் வீக்கத்துக்கு மூன்று வருடமாக டூட்டாஸ்டரைடு சாப்பிடுகிறேன். சிறுநீர்த் தொந்தரவு நன்றாகவே குறைந்துவிட்டது. வருடா வருடம் பார்த்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 2.1, 2.8, இப்போது 3.6. பக்கத்திலேயே "4 வரை நார்மல்" என்று லேப்காரர்கள் அச்சடித்திருக்கிறார்கள். யூராலஜிஸ்ட் மட்டும் அதைப் பார்த்ததும் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். அதில் வலப்பக்கம் 9 மி.மீ. அளவில் ஓர் இடம், பை-ராட்ஸ் 4 (புற்றுச் சந்தேகத்துக்கு 5 வரை போடும் மதிப்பெண்). ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தே ஆகவேண்டும் என்கிறார்.

ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று மைத்துனர் அடித்துச் சொல்கிறார். என் மனைவியோ செய்துவிடலாம் என்கிறாள். எனக்குப் பயம் ஊசியில் இல்லை. புற்று என்று ஒரு தாள் வந்துவிட்டால் ஆபரேஷன், சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு என்று எல்லாம் வரிசைகட்டி வந்துவிடுமே, அதுதான். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா?

நீலமை:
ஐயா, அந்த 4 என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. டூட்டாஸ்டரைடு ஆறு மாதம், ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ.வைப் பாதியாக இறக்கிவிடும். அதனால் வரும் எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்ப்பார்கள்; உங்களுடையது 7-க்கு மேல். அதைவிட முக்கியம், மாத்திரை சாப்பிடும்போதே அது ஏறுகிறது என்பது. நடுவில் மாத்திரையை விட்டீர்களா? சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும். ஆனால் எம்.ஆர்.ஐ.யில் பை-ராட்ஸ் 4 வந்த பிறகு வெறுமனே காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம்மாடி:
நான் செய்துகொண்டவன், அண்ணா. ஊசியால் பரவுவது மிக மிக அரிது. ஆசனவாய் வழியாகவா, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகவா என்று கேளுங்கள். இரண்டாவதில் ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து குறைவு. எனக்கு அப்படித்தான், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம். வலியைவிட அதுதான் தூக்கிப் போட்டது. அப்புறம் சில வாரம் விந்தில் ரத்தம் கலந்து பழுப்பாக வந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

எனக்கு வந்தது கிளீசன் 3+3, அதாவது புற்றுதான், ஆனால் வீரியம் குறைந்த ரகம். கத்தி வைக்கவில்லை. பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி என்று கண்காணிப்பில் இருக்கிறேன். பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வு 15 வருட முடிவை 2023-ல் வெளியிட்டது. ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு மூன்றிலுமே 100 பேரில் ஏறக்குறைய 3 பேர்தான் இந்தப் புற்றால் இறந்திருந்தார்கள். புற்று பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அவர்கள், கிளீசன் கூடுதலாக இருந்தால் கதை வேறு. உங்களுடையது எந்த ரகம் என்பதை பயாப்ஸிதான் சொல்லும். சிகிச்சை வேண்டுமா என்று அதற்கப்புறம் யோசிக்க நேரம் கிடைக்கும்.

மாலைநடை:
மாத்திரையை விட்டதே இல்லை, அதனால் அந்தச் சமாதானமும் போயிற்று. பயாப்ஸிக்குச் சம்மதித்தாலே ஆபரேஷனுக்குத் தலையாட்டியது போல என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சரி, செய்துகொள்கிறேன். எந்த வழி என்று கேட்கிறேன். இதய ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், அதை இன்றே நிறுத்திவிடட்டுமா?

நீலமை:
நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள் ஐயா. ஆஸ்பிரினோடேயே பலருக்குச் செய்கிறார்கள். ஸ்டென்ட் இருப்பதை யூராலஜிஸ்டிடம் சொல்லி, இதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.