தக்காளி நோய் கண்டுபிடிக்கும் மாடல் 99% காட்டுகிறது, ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தானுக்கு இது போதுமா?

வைகைக்கரை:
மதுரைப் பக்கம் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான் போட்டிக்கான உள்சுற்று எங்கள் கல்லூரியில் சீக்கிரமே வருகிறது, ஆறு பேர் அணியும் தயார். தக்காளி இலையைப் போனில் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் செயலி, இதுதான் ஐடியா. நோய்ப் பெயர் குறித்த இலைப் படங்களின் பொதுத் தொகுப்பான ப்ளான்ட்வில்லேஜ் டேட்டாசெட்டில் உள்ள தக்காளிப் படங்களை வைத்து, போனில் ஓடக்கூடிய சிறிய ஏஐ மாடலான மொபைல்நெட்டுக்குப் பயிற்சி கொடுத்தோம், பயிற்சிக்குக் கொடுக்காத படங்களை வைத்து டெஸ்ட் செய்தால் 99 சதவீதத்தை ஒட்டிச் சரியாக வருகிறது. வழிகாட்டும் ஆசிரியர் இதுவே போதும், பிபிடியை (பவர்பாயின்ட் ஸ்லைடுகளை) நன்றாகச் செய்யுங்கள் என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என் மாமா ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி போடுகிறவர், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைக் கொடுத்தால் நல்ல இலையைக்கூட நோய் என்கிறது. நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள்? பேசாமல் வேறு ஐடியாவுக்குப் போய்விடலாமா?

எண்கணக்கு:
வேறு ஐடியா வேண்டாம் தம்பி, உங்கள் மாமா அனுப்பிய படங்களில்தான் உங்கள் ப்ராஜெக்டே இருக்கிறது. ப்ளான்ட்வில்லேஜ் படங்களைத் திறந்து பாருங்கள், பறித்த ஒற்றை இலை, பின்னால் ஒரே மாதிரியான தாள், சீரான வெளிச்சம். 2016இல் இந்தத் தொகுப்பை வைத்து முதலில் ஆய்வு செய்தவர்களுக்கும் 99.35% வந்தது, ஆனால் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது, அதை அவர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு ஆய்வில் இலையைத் தொடவே இல்லை, பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்து மாடலுக்குக் கொடுத்தார்கள், அதற்கே 49% சரியாக வந்தது. பயிரும் நோயுமாக 38 வகைகள் இருக்கும் தொகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 3 சதவீதம்கூட வராது. அப்படியென்றால் மாடல் எதைப் படிக்கிறது? நோயோடு சேர்த்து மேசையையும் விளக்கையும்தான்.

இன்னொன்று, தக்காளியில் மஞ்சள் இலைச்சுருட்டு வைரஸுக்கு 5,000 படங்களுக்கு மேல் இருக்கிறது, மொசைக் வைரஸுக்கு 400கூட இல்லை. படம் குறைவான நோயில் வரும் தப்பு மொத்த சதவீதத்தில் தெரியாது, அதனால் அதைச் சொல்லாமல் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாக ரீகால், அதாவது அந்த நோய் உள்ள படங்களில் எத்தனையை மாடல் சரியாகப் பிடித்தது, எவ்வளவு என்று போடுங்கள்.

மஞ்சள்பை:
எங்கள் அணி இறுதிச்சுற்று வரை போனது, அதனால் சொல்கிறேன். முதலில் விதிகளைச் சரிபாருங்கள்: ஆறு பேரும் ஒரே கல்லூரியாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். அப்புறம் அமைச்சகங்களும் துறைகளும் தீர்வு கேட்டுக் கொடுக்கும் பிரச்சினைகளில் (ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட்) உங்கள் ஐடியா எதில் உட்காருகிறது என்று பாருங்கள், எதிலும் உட்காரவில்லை என்றால் மாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிபிடி வடிகட்டலிலேயே போய்விடும்.

இறுதிச்சுற்று சாஃப்ட்வேர் பிரிவில் 36 மணி நேரம். நடுவர்கள் நடுநடுவே வந்து கேட்பார்கள், முதலில் சொன்ன குறையை அடுத்த முறை வருவதற்குள் சரிசெய்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். எங்களிடம் அக்யூரசி பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது, மற்றதெல்லாம் இதை யார் பயன்படுத்துவார்கள், நெட் இல்லாத இடத்தில் என்ன ஆகும், தப்பாகச் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்பதுதான். படத்தைப் பார்த்துப் பயிர் நோய் சொல்லும் ப்ளான்டிக்ஸ் மாதிரி செயலிகள் ஏற்கெனவே இருக்கும்போது உங்களுடையது எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். ஒட்டன்சத்திரத்துத் தோட்டத்தில் நாங்களே எடுத்த படங்களில் இவ்வளவுதான் வருகிறது, இன்ன இடத்தில் தடுமாறுகிறது, அதற்கு இதைச் செய்தோம் என்று ஒரு ஸ்லைடு காட்டினால் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம்.

கொடிக்கால்:
நான் வேளாண்மை படித்தவள், மாடல் பற்றி ஒன்றும் தெரியாது, செடி பற்றிச் சொல்கிறேன். ஒற்றை இலையை மட்டும் படம் எடுப்பதில்தான் பாதிச் செய்தி போய்விடுகிறது. முன்பருவ இலைக்கருகல் அடியில் உள்ள முதிர்ந்த இலைகளில் ஆரம்பித்து மேலே ஏறும், புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும். இலைச்சுருட்டு வைரஸ் நேர்மாறு, நுனிக் கொழுந்து சுருண்டு சிறுத்துவிடும், இலையின் அடிப்புறத்தைத் திருப்பினால் பெரும்பாலும் வெள்ளை ஈ இருக்கும். வயலில் நிற்கிற எவரும் முழுச் செடியையும் பார்த்துத்தான் சொல்வார்கள். அதனால் ஒரு செடிக்கு மூன்று படம் கேளுங்கள்: தூரத்திலிருந்து முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம்.

வைரஸ் வந்த செடிக்கு மருந்தே கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான், அப்புறம் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும். உங்கள் செயலி அதை இலைக்கருகல் என்று சொன்னால் அவர் கடையில் பூஞ்சாணக்கொல்லி வாங்கி அடித்துக்கொண்டிருப்பார், அதற்குள் ஈ அடுத்த பாத்திக்குப் போய்விடும். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதுதான் பெரிய தப்பு, இலையில் புள்ளி விழும் இரண்டு நோய்களுக்குள் குழம்புவது அவ்வளவு கெடுதல் இல்லை. தெளிவாக இல்லாதபோது தெரியவில்லை, வேளாண்மை உதவி அலுவலரிடம் காட்டுங்கள் என்று சொல்லவும் அதற்குத் தெரிய வேண்டும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி, அக்கா சொன்ன மூன்று படம் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. வரும் சனிக்கிழமை அணியோடு மாமா தோட்டத்துக்குப் போகிறோம். எண்கணக்கு அண்ணா, அங்கே எடுக்கிற படங்களை எப்படிப் பிரிப்பது? வழக்கம்போல பயிற்சிக்கு எண்பது சதவீதம், டெஸ்டுக்கு இருபது போதுமா?

எண்கணக்கு:
கலைத்துப் போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரே செடியின் ஒரு படம் பயிற்சியிலும் இன்னொன்று டெஸ்டிலும் விழுந்தால் எண் மறுபடி பொய்யாக ஏறும். மாமா தோட்டத்துப் படங்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் வேறொருவர் தோட்டத்தில் எடுத்ததை டெஸ்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள், வெயில் நேரத்திலும் மாலையிலும், இரண்டு மூன்று விதமான போன்களில். ஒவ்வொரு படத்துக்கும் செடி எண், தோட்டம், நேரம், போன் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள், திரும்பி வந்து நினைவிலிருந்து எழுத முடியாது. நோய்ப் பெயரை நீங்களே போட வேண்டாம், கொடிக்கால் மாதிரி படித்தவர் யாராவது பார்த்துப் போடட்டும்.