ஷெர்வுட் எழுந்து வந்ததா, பெயர் மட்டும் வந்ததா?

மரமட்டை:
நேற்று ஒரு விளையாட்டுக் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க ஷெர்வுட் ஐஸ் ஹாக்கி மட்டைகள். கூட வந்த நண்பர், "பார்த்தீர்களா, செத்துப்போன பிராண்ட் எப்படி எழுந்து நிற்கிறது!" என்று பூரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. 1949இல் லியோபோல்ட் ட்ரோலே என்பவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஷெர்புரூக் நகரில் ஆரம்பித்த கம்பெனி அது. பெயரில் பாதி ஊர், மீதி மரம். இப்போது அந்தச் சுவரில் இருக்கும் மட்டைகளில் ஊரும் இல்லை, மரமும் இல்லை. இதற்குப் பெயர் மீட்சியா?

கணக்கன்:
வேறென்ன சொல்வீர்கள் அண்ணை? மரம் போனதற்கு யாரைத் திட்டுகிறீர்கள்? 2000 வாக்கில் ஈஸ்டன் என்ற போட்டிக் கம்பெனி 'சினர்ஜி' என்று ஒரே துண்டான கார்பன் மட்டையைக் கொண்டுவந்தது. எடை குறைவு. ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. மரம் அப்படியா? ஒரே மாடலில் பத்து எடுத்தால் பத்தும் பத்து விதமாக வளையும். சில வருடங்களுக்குள் என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்) வீரர்களில் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள். 2007இல் ஷெர்வுட்டே மர மட்டை செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2008இல் திவால் பாதுகாப்பு கேட்டு நின்றது. அந்த நிலையிலிருந்து கடைச் சுவருக்குத் திரும்புவது சின்னக் காரியமா?

மரமட்டை:
தம்பி, ஷெர்வுட்டின் 5030 மர மட்டையைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? 1976இல் வந்தது. நட்சத்திர வீரர் கீ லாஃப்ளர் ஷெர்வுட்டோடு ஆடிய காலத்தில்தான் அவருடைய மொன்றியல் கனேடியன்ஸ் அணி 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நாலு முறை என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வாங்கியது. கோப்பையை மட்டை வாங்கித் தரவில்லை, தெரியும். ஆனால் பக், அதாவது அந்த ரப்பர் வட்டு, வந்து மட்டையின் பிளேடில் படும்போது மணிக்கட்டு வரை தெரியும் பாருங்கள், அது கார்பனில் இல்லை. ஒட்டாவா அணியில் ஜேசன் ஸ்பெட்சா, பெரும்பாலோர் மாறிய பின்னும் மரத்தை விடாமல் பிடித்திருந்தது பிடிவாதத்தாலா?

சரி, மரம் போனது காலத்தின் கோலம் என்றே வைத்துக்கொள்வோம். கார்பன் மட்டையையாவது ஷெர்புரூக்கில் செய்திருக்கலாமே? 2011இல் அதையும் சீனாவுக்கு மாற்றினார்கள். அந்த ஊரில் பல வருடம் மட்டைக்கு மரம் ஒட்டியவருக்கு உங்கள் கடைச் சுவரால் என்ன பயன்?

கோலி_அம்மா:
இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். என் மகளுக்கு 12 வயது. லாஃப்ளரையும் தெரியாது, ஷெர்புரூக் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. கானர் பெடார்ட் வைத்திருக்கும் மட்டை வேண்டும் என்றாள். 2023இல் என்எச்எல்லின் புதுமுகத் தேர்வில் சிகாகோ அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த பையன், கையில் ஷெர்வுட். இத்தனைக்கும் அவள் கோலி, கோல் காப்பவள்! கோலி மட்டையே வேறு என்று சொன்னால் கேட்டால்தானே. அவளுக்கு இது பழைய பிராண்டே இல்லை, புத்தம் புதுசு.

கணக்கன்:
இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி அக்கா.

ரிங்க்_மூலை:
பெடார்ட் கையில் இருக்கிறது என்பதெல்லாம் விளம்பரக் காசு. யார் வாங்கினார்கள் என்று பாருங்கள். 2018இல் கனடியன் டயர் என்ற பெரிய கடைக் கம்பெனி. பெயரில்தான் டயர், சட்டியிலிருந்து கூடாரம் வரை அங்கே கிடைக்கும். ஸ்போர்ட் செக் என்ற விளையாட்டுக் கடைகளும் 2011 முதல் அவர்களுடையவைதான். ஆக மட்டையின் சொந்தக்காரரும் அதை விற்கும் சுவரின் சொந்தக்காரரும் ஒருவரே. என் சுவரில் என் பொருளை அடுக்கிவிட்டு, "மக்கள் திரும்பி வந்துவிட்டார்கள்" என்றால் எப்படி? தனிக் கடை வைத்திருப்பவர் போட்டிக் கடைக்காரரின் பிராண்டை எடுத்து விற்கட்டும், அப்போது நம்புகிறேன்.

கணக்கன்:
நல்ல கேள்வி, ஆனால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இன்னொரு பெரிய ஹாக்கி பிராண்டான சிசிஎம் 1899இல் சைக்கிள் கம்பெனியாகப் பிறந்தது, 1983இல் திவாலானது. சைக்கிள் ஒரு கைக்கும் ஸ்கேட் வேறொரு கைக்கும் போயின. பிறகு ரீபாக், அடிடாஸ், 2017இல் ஒரு முதலீட்டு நிறுவனம். ஸ்கேட்டுக்கும் மட்டைக்கும் பேர்போன பாவரை எடுங்கள். அதன் தாய் நிறுவனத்தை நைக்கி சுமார் 395 மில்லியன் டாலருக்கு வாங்கி, 2008இல் பாவரை 200 மில்லியனுக்குத் தள்ளிவிட்டது. பாதி விலை! இவர்களை யாரும் போலி என்பதில்லை. ஷெர்வுட்டுக்கு மட்டும் ஏன் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறீர்கள்?

இன்னொன்று. மரத்தைக் கொன்ற ஈஸ்டனின் ஹாக்கிப் பிரிவையே 2016இல் பாவர் விழுங்கிவிட்டது. கொன்றவன் போய்விட்டான், செத்தவன் சுவரில் நிற்கிறான்.

மரமட்டை:
கடைசி வரிக்கு என் தொப்பியைக் கழற்றுகிறேன். ஆனால் சிசிஎம் தன் ஸ்கேட்டை விடவில்லையே. கை மாறினாலும் ஸ்கேட்டுக்குப் பின் ஸ்கேட்டாக வேலை தொடர்ந்தது. ஷெர்வுட்டில் எது தொடர்ந்தது? எழுத்துரு. அதிலும் Sher-Wood என்ற பெயரின் நடுவில் இருந்த சிறு கோடு போய்விட்டது.

கோலி_அம்மா:
விலையையும் பேசுங்கள். மர மட்டை முப்பது டாலருக்குள் வாங்கிய ஞாபகம் எனக்கு. இன்று உயர்ந்த மாடல் நானூறை எட்டுகிறது. போன குளிர்காலம் மூத்தவனுக்கு வேறொரு கம்பெனி மட்டை வாங்கினோம், பெயர் வேண்டாம். மூன்றாவது ஆட்டத்தில், ஒரு சாதாரண பாஸில், முறுக்கு மாதிரி உடைந்தது. மரம் உடைந்தால் அப்பா பசை போட்டு, டேப் சுற்றி, தெரு ஹாக்கிக்குக் கொடுப்பார். கார்பன் உடைந்தால் குப்பைதான். என் ஓட்டு ஷெர்வுட்டுக்கும் இல்லை, உங்கள் ஏக்கத்துக்கும் இல்லை. நடுத்தர விலையில் உடையாத மட்டையை யார் தருகிறார்களோ அவர்களுக்கு.

ரிங்க்_மூலை:
ஒரு திருத்தம், மரமட்டை அண்ணைக்காக. மரம் முழுதாகப் போகவில்லை. ஒன்ராறியோவில் பிரான்ட்ஃபோர்ட், அதாவது ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கி பிறந்த ஊர், அங்கே ரூஸ்டன் என்ற தொழிற்சாலை இன்னும் மர மட்டை செய்கிறது. அதில் சிலவற்றில் ஷெர்வுட் பெயரும் உண்டு. கோலி மட்டையும் செய்கிறார்கள், அக்காவும் கவனிக்கவும்.

கணக்கன்:
அப்போ "மரமும் இல்லை" என்ற முதல் பதிவைத் திருத்துவீர்களா அண்ணை?

மரமட்டை:
நான் சொன்னது அந்தச் சுவரைப் பற்றி. அதைத் திருத்த மாட்டேன். பிரான்ட்ஃபோர்ட் ஷெர்புரூக் ஆகாது.

இருந்தாலும், இடது கைக்கு, கொஞ்சம் தாழ்ந்த வளைவில், பெரியவர் அளவு அங்கே கிடைக்குமா? யாராவது அந்தப் பக்கம் போனால் ஒன்று எடுத்து வையுங்கள், காசு தருகிறேன். இதை விவாதத்தில் தோற்றதாக எழுதினால் பதில் போட மாட்டேன்.

கணக்கன்:
ஒன்று போதுமா, இரண்டா?

மரமட்டை:
இரண்டு.