ஃபீட் ஹோல்ட் பொத்தானுக்கு ‘நிறுத்தம்’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரத்தின் திரைக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் ஃபீட் ஹோல்ட் பொத்தானுக்கு ‘இடைநிறுத்தம்’, ‘ஊட்ட நிறுத்தம்’ என்று இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற சொற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். இந்தப் பொத்தானில் பெயர் தவறினால் கை போய்விடும்.

அதை அழுத்தினால் அச்சுகளின் நகர்வுதான், அதாவது மேசையோ வெட்டுளியோ இடம் மாறுவதுதான், நிற்கிறது. வெட்டுளியைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் நிற்பதில்லை, வெட்டுளி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தைத் தொடங்கும் சைக்கிள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கதவுப் பூட்டு இல்லாத பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றில் இதை அழுத்திவிட்டு, வெட்டுளிக்குக் கீழே சேர்ந்த இரும்புச் சுருளை எடுக்கக் கையை நீட்டினேன். மேசை அசையவில்லை. சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவம் வழிந்துகொண்டிருந்ததில், வேகமாகச் சுற்றும் வெட்டுளி வழுவழுப்பான கம்பி மாதிரிதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அன்று பொத்தானில் இருந்தது எனக்குப் புரியாத ஆங்கிலம். புரிகிற தமிழிலேயே ‘நிறுத்தம்’ என்று எழுதி வைத்தால் அதை நம்பித்தான் கை நீளும். அந்தச் சொல்லை மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் தலையோடு இருக்கும் அவசர நிறுத்தத்துக்கும், ஸ்பிண்டிலை நிறுத்தும் எம்05 கட்டளைக்கும் ஒதுக்கிவிடுவோம்.

ஃபீட் என்பதற்கு ‘ஊட்டம்’ பாடநூல்களில் இருக்கிறது, சரி. ஆனால் இந்தப் பொத்தான் வெட்டும்போது உள்ள ஊட்டத்தை மட்டுமா பிடிக்கிறது? வெட்டாமல் விரைந்து ஓடும் ஜி00 கட்டளையின் நகர்வையும் சேர்த்துத்தானே பிடிக்கிறது. எனவே ‘நகர்வு’ என்பதே பொருந்தும்.

என் முன்மொழிவு: நகர்வுத் தரிப்பு. இலங்கைத் தமிழில் பேருந்துத் தரிப்பிடம் என்கிறார்கள். பேருந்து அங்கே தரித்து நிற்கும், இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆள் ஏறியதும் கிளம்பிவிடும். இயந்திரத்தில் நடப்பதும் இதேதான். ‘கருத்தரிப்பு நினைவுக்கு வருமே’ என்று யாராவது கேட்கலாம். ‘நகர்வு’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

வினையாகவும் இது நன்றாக வளைகிறது. டேப் போடும்போது, அதாவது துளைக்குள் மரை வெட்டும்போது, ஸ்பிண்டிலும் அச்சும் ஒன்றோடொன்று பிணைந்து ஓடுவதால், பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பொத்தானை அழுத்தினாலும் டேப் வெளியே வரும் வரை நகர்வு நிற்காது. திரை அப்போது எதுவும் சொல்லாமல் இருந்தால், பொத்தான் கெட்டுவிட்டது என்று பதறித் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ‘மரை முடிந்ததும் தரிக்கும்’ என்று ஒரு வரி போதும். தரித்த பிறகு ‘நகர்வு தரித்தது, ஸ்பிண்டில் சுற்றுகிறது’ என்று பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். இரண்டாம் பாதிதான் முக்கியம், இடமில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். சின்னப் பொத்தானில் சொல் இரண்டு வரியாக உடைந்தால், மேல் வரி ‘நகர்வுத்’ என்று ஒற்றோடு தொங்கும். அங்கே மட்டும் ஒரே வரியில் அடங்கும்படி ‘நகர்வைத் தரி’ என்று ஏவலாக வைக்கலாமா, அல்லது பொத்தானையே அகலமாக்கச் சொல்லலாமா? எனக்கு அகலமாக்குவதே பிடித்திருக்கிறது, கையுறை போட்ட விரலுக்கும் அதுதான் வசதி.