மறு: ‘வாட்டர் டிவைட்’ – மேடா, கோடா, முகடா?

அனைவருக்கும் வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாடத்தில் மற்ற சொற்களெல்லாம் முடிந்துவிட்டன. ‘வாட்டர் டிவைட்’, அதாவது மழைநீர் இரு பக்கமாக இறங்கி வெவ்வேறு ஆறுகளுக்குப் போகும் எல்லை; அதற்கான தமிழ்ச்சொல் ஒன்றுதான் மூன்று வாரமாக நிற்கிறது. வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

‘நீர்ப்பிரிமேடு’ ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்தால் என்ன என்று திருவாரூர் அம்மா கேட்டிருந்தார். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் திருவையாற்றுப் பக்கத்துப் பிள்ளைகள். “நீர் எங்கே பிரியும்?” என்றேன். “கல்லணையில சார்!” என்றார்கள், ஒரே குரலில். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஒரே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். குடகில் நடப்பது வேறு. பிரம்மகிரியில் இந்தப் பக்கம் விழுந்த மழை காவிரியாகி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. குடகின் மேற்குச் சரிவில் விழுந்தது பயசுவினியாக இறங்கி, சந்திரகிரி என்ற பெயரோடு காசர்கோட்டுப் பக்கம் அரபிக்கடலில் கலக்கிறது. இரண்டும் ஒருநாளும் ஒன்றாக ஓடியதில்லை. சேராத நீர் எப்படிப் பிரியும்? பிரிவது மழைதான்.

‘மேடு’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. நம் பக்கத்தில் மேடு என்றால் வாய்க்கால் தண்ணீர் ஏறாத நிலம், அவ்வளவுதான்.

கும்பகோணம் ஐயாவின் ‘நீர்க்கோடு’ அழகான சொல். மலையுச்சிக்கும் கோடு, திருச்செங்கோடு போல. குளக்கரைக்கும் கோடு, “குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று” (குறள் 523). வரைபடத்தில் போடுவதும் கோடு. அங்கிருந்து கோணல், கொடுமை, கொடுக்கு என்று மூன்று மடல் போய்விட்டது, படித்து மகிழ்ந்தேன். ஆனால் கையேட்டின் அடுத்த பக்கத்திலேயே, வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் ‘சம உயரக்கோடு’ வருகிறது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

இடையில் ஒருவர், ‘வெஸ்டர்ன் காட்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரில் வரும் ‘காட்’ என்றால் படித்துறை, ஆகவே ‘மேற்குப் படிமலை’ என்று மலையின் பெயரையே மாற்றுவோம் என்றார். கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் என்று துண்டு துண்டாக நிற்பதற்குக் ‘கிழக்குத் தொடர்ச்சி’ என்ற பெயர் பொருந்துமா என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அதைத் தனி இழையாகத் தொடங்கட்டும்.

சரி, முகடுக்கு வருகிறேன். அன்று வகுப்பில் ஒரு பையன் எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கூரைபோலச் சாய்த்து விரல்நுனிகளைச் சேர்த்துக் காட்டினான். “எங்க வீட்டு முகட்டுல பெய்யுற மழை பாதி வாசல்ல விழும், பாதி கொல்லையில விழும். அதுவா சார்?” அதுவேதான். மலையையே பார்க்காத பிள்ளை, நான் அரைமணி நேரம் சொன்னதை விரல்நுனியில் காட்டிவிட்டான். இந்தச் சொல் அவன் வீட்டிலேயே இருக்கிறது. நாம் நிகண்டில் தேடிக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் ‘மழைமுகடு’ என்றேன். சங்கத் தமிழில் மழை என்றால் மேகமும்தான், அப்படியானால் மேகம் தவழும் உச்சி என்றல்லவா பொருளாகும் என்று மன்னார்குடி நண்பர் மறித்தார். ஒப்புக்கொண்டு ‘மழைபிரி முகடு’ என்று திருத்தினேன். இமயத்தில் பனியுருகி வரும் நீருக்கு என்ன சொல்வீர்கள், முகடே இல்லாத சமவெளியில் இரண்டு வடிநிலம் (ஓர் ஆற்றுக்கு நீர் வடியும் நிலம்) பிரிந்தால் என்ன சொல்வீர்கள் என்று மறுபடியும் கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு, இந்தப் பாடம் மலையைப் பற்றியது என்பதே என் பதில்.

கருத்துச் சொன்ன ஏழு பேரில் நான்கு பேர் ‘நீர்பிரி முகடு’ என்கிறார்கள். அதுவே அச்சாகட்டும். நடுவில் ப் வேண்டாம். நீர் பிரிகிற முகடு என்று விரிவதால் வலி மிகாது. ‘நீர்’ பற்றிய என் மறுப்பு மட்டும் இங்கே பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.

படம் வரைபவர் வியாழனுக்குள் ஒரு கீற்றுக் கூரை வரைந்து அனுப்பினால் நல்லது. முகட்டில் விழும் மழை இருபுறமும் இறங்குவது தெரிய வேண்டும். ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் கொல்லை.