இன்ஸ்டால் ஆச்சுங்குது, அடிச்சா கமாண்டே இல்லைங்குது: பாத் (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற லிஸ்ட்) படுத்துன பாட்டை இங்க கொட்டுங்க

நாகலூர்_மிளகு:
போன மாசம் நடந்தது. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சித்தப்பா வீட்ல தங்கி வேலை பாத்துட்டு இருந்தேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்குன எம்1 மேக்புக், சுத்தமா துடைச்சுக் குடுத்தது, மொத வேலையா ஹோம்ப்ரூ (மேக்ல மத்த டூல்ஸை இன்ஸ்டால் பண்ணித் தர்றது, கமாண்ட் பேரு ப்ரூ) போடலாம்னு ஆரம்பிச்சேன். அங்க நெட்டு எப்படின்னு மலையில இருக்கறவங்களுக்குத் தெரியும், வாசல்ல சில்வர் ஓக் மரத்தடியில நின்னா ரெண்டு புள்ளி, வீட்டுக்குள்ள வந்தா அதுவும் இல்ல, மூட்டம் எறங்குச்சுன்னா சுத்தம். போனை ஜன்னல் கம்பியில சணல் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு ஹாட்ஸ்பாட் குடுத்து, ஆப்பிளோட கமாண்ட் லைன் டூல்ஸ் எறங்கறதுக்கே மத்தியானம் ஆயிருச்சு.

சாப்பிட்டு வந்து புது டெர்மினல் தொறந்து ப்ரூன்னு அடிச்சா, "கமாண்ட் நாட் ஃபவுண்ட்: ப்ரூ". சரி நடுவுல நெட் அறுந்துச்சே, அரைகுறையா எறங்கியிருக்கும்னு நானே ஒரு கதை கட்டிக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணேன். மறுபடி அதே வரி. தேடிப் பாத்ததுல யாரோ எப்பவோ எழுதி வச்ச குறிப்பு கெடச்சுது, பேஷ் ப்ரொஃபைல் ஃபைல்ல /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் சேருங்கன்னு, சேத்தேன், ஒண்ணும் அசையல. மூணாவது தடவை இன்ஸ்டால் முடியற நேரத்துல கரண்ட் போச்சு, வைஃபையும் கெடையாது ஒண்ணும் கெடையாது, லேப்டாப்ல சார்ஜ் மட்டும் இருக்கு, செய்ய வேற வேலை இல்லாம ஸ்க்ரீன்ல இருந்ததைப் படிச்சேன். படிச்சா, இன்ஸ்டாலர் கடைசியில "நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்"னு போட்டு, இந்த வரியை இந்த ஃபைல்ல சேருன்னு புட்டுப் புட்டு வச்சிருக்கு. மூணு தடவையும் வச்சிருக்கு!

விஷயம் இதுதான். பழைய இன்டெல் மேக்ல ப்ரூ /யூஎஸ்ஆர்/லோக்கல் உள்ள போய் உக்காரும், அதோட பின் ஃபோல்டர் மேக் பாத்ல ஏற்கனவே இருக்கு, அதனால அந்தக் காலத்து ஆளுங்க யாருக்கும் இந்தத் தொல்லையே தெரியாது. எம்1-ல இருந்து எடம் /ஆப்ட்/ஹோம்ப்ரூ, அதை ஷெல்லுக்கு, அதாவது நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற புரோகிராமுக்கு, நாமதான் சொல்லணும். அடுத்து, 2019-ல கேட்டலினா வந்ததுல இருந்து மேக்ல டீஃபால்ட் ஷெல் இசட்-ஷெல், அது பேஷ் ப்ரொஃபைலைத் திரும்பிக்கூடப் பாக்காது, இசட்-ப்ரொஃபைலைத்தான் பாக்கும். ஆக நான் தப்பான எடத்தை, தப்பான ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன். /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்/ப்ரூன்னு முழுசா அடிச்சுப் பாத்தேன், வெர்ஷன் நம்பர் சமத்தா வருது. மொத தடவையே உள்ள வந்து உக்காந்திருக்கு, கூப்பிடத்தான் தெரியல. இன்ஸ்டாலர் சொன்ன ப்ரூ ஷெல்என்வ் வரியை இசட்-ப்ரொஃபைல்ல போட்டு புது டெர்மினல் தொறந்தேன், ஓடுச்சு. சித்தப்பாவோட டேட்டா பேக்கும் சேந்து ஓடிப்போச்சு, அது வேற பஞ்சாயத்து.

சூரமங்கலம்_ஹாஸ்டல்:
அண்ணா உங்களுது பரவால்ல. நான் உபுண்டுல பிப்ல (பைத்தான் டூல்ஸ் இன்ஸ்டால் பண்றது) ஒரு டூல் போட்டேன், யூசர் இன்ஸ்டால், மஞ்சள் கலர்ல வார்னிங் வந்துச்சு, .லோக்கல்/பின் உங்க பாத்ல இல்லைன்னு. நான் பேஷ்ஆர்சி (டெர்மினல் தொறக்கும்போது பேஷ் ஷெல் படிக்கற ஃபைல்) தொறந்து எக்ஸ்போர்ட் பாத் ஈக்வல் டு அந்த ஃபோல்டர்னு மட்டும் எழுதி சேவ் பண்ணிட்டேன், பின்னாடி பழைய லிஸ்ட்டைக் குறிக்கற டாலர் பாத் சேக்கணும்னு தெரியாது. புது டெர்மினல் தொறந்தா எல்எஸ் இல்ல, ஃபைலைத் திருத்தற நானோ இல்ல, சூடோ கூட இல்ல, சிடி மட்டும் வேலை செய்யுது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு, காலைல ரிவ்யூ, கை நடுங்குது. ஓஎஸ் போச்சுன்னு பென்டிரைவ் தேட ஆரம்பிச்சிட்டேன். பக்கத்து ரூம் சீனியர் தூக்கக் கலக்கத்துல வந்து /பின்/எல்எஸ்னு அடிச்சாரு, எல்லாம் அப்படியே இருக்கு. சிடி ஷெல்லுக்குள்ளயே இருக்கறது, அதுக்கு பாத் தேவையில்லடான்னாரு. /யூஎஸ்ஆர்/பின்/நானோன்னு முழு விலாசம் குடுத்து அந்த வரியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

இதுல கடுப்பு என்னன்னா நான் அந்த வரியே எழுதியிருக்க வேண்டாம். உபுண்டுல ப்ரொஃபைல் ஃபைல் லாகின் ஆகும்போது .லோக்கல்/பின் ஃபோல்டர் இருந்தா தானே சேத்துக்கும், எனக்கு அன்னிக்குத்தான் அந்த ஃபோல்டரே உருவாச்சு, ஒரு தடவை லாக்அவுட் பண்ணி வந்திருந்தா முடிஞ்சிருக்கும்.

அம்மாபேட்டை_தறி:
விண்டோஸ் ஆளு யாரும் இல்லையா, சரி நான் சொல்றேன். பைத்தான் ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டரை பாத்ல சேக்க செட்எக்ஸ் கமாண்ட் குடுத்தேன். அது 1024 எழுத்துக்கு மேல இருந்தா மிச்சத்தை வெட்டிடும். "ட்ரங்கேட்டட்"னு ஒரு வார்னிங் போடும், அடுத்த வரியிலேயே "சக்சஸ்"னும் போடும், நாம எதைப் பாப்போம்? சக்சஸைத்தான். பாத்ல இருந்து கிட்டும் போச்சு, நோட்.ஜேஎஸ்ஸும் போச்சு. நல்ல வேளை காலைல தொறந்த கமாண்ட் விண்டோ ஒண்ணு கீழ மினிமைஸ் ஆகிக் கெடந்துச்சு, தொறக்கும்போது இருந்த பழைய பாத் அதுக்குள்ள அப்படியே இருக்கும்ல, எக்கோ பண்ணி நோட்பேட்ல காப்பி எடுத்து உயிர் பொழச்சேன். இப்பல்லாம் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஜன்னல்ல போய் ஒவ்வொரு வரியா கையாலதான் சேக்கறது.

செவ்வாய்பேட்டை_கொலுசு:
எனக்கு நஷ்டமே ஆச்சு. தினம் காலைல வெள்ளி வெலை எடுத்து கடை ஷீட்ல போடற மாதிரி நோட்.ஜேஎஸ்ல சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி க்ரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டறது) போட்டு வச்சேன். கையால ஓட்டுனா ஓடுது, க்ரான்ல ஓடல, அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஷீட்ல இருந்த நேத்து வெலைக்கே ஒரு ஆர்டர் பேசி முடிச்சிட்டாரு. வெள்ளி அன்னிக்கு ஏறியிருக்கு. ராத்திரி சோத்துக்கு முன்னாடி கெடச்ச பேச்சை எழுத முடியாது. காரணம், நோட்.ஜேஎஸ் என்விஎம்ங்கற வெர்ஷன் மேனேஜர் வழியா போட்டது, அது பேஷ்ஆர்சில இருந்துதான் பாத்துக்கு வரும், க்ரான் பேஷ்ஆர்சியைப் படிக்காது, அதுக்குத் தெரிஞ்சது ரெண்டு மூணு ஃபோல்டர்தான். க்ரான் வரியில நோட்.ஜேஎஸ்ஸோட முழு விலாசமும் குடுத்ததுக்கு அப்புறம் சரி.

நாகலூர்_மிளகு:
@கொலுசு சிரிக்கக் கூடாது, ஆனா சிரிச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

இதெல்லாம் படிச்சிட்டு எனக்கும் சந்தேகம் வந்து விச் மைனஸ் ஏ போட்டு பைத்தான்3 எத்தனை இருக்குன்னு பாத்தேன். ரெண்டு. ப்ரூ போட்டது முன்னாடி, ஆப்பிளோடது /யூஎஸ்ஆர்/பின்ல பின்னாடி. சேலத்துக்கு வந்து ஆட்டோல ஏறி வெறும் பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னா பழசா புதுசான்னு டிரைவராவது திருப்பிக் கேப்பாரு, ஷெல் கேக்காது, லிஸ்ட்ல மொதல்ல எது வருதோ அங்க கொண்டுபோய் எறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருக்கும். இப்போதைக்கு சரியான ஸ்டாண்டுலதான் எறக்குது. நான் அதுல கை வைக்கறதா இல்ல.