வீட்ல செஞ்ச ஆர்கேட் பெட்டில ஸ்கிரீன் கண்ணடிக்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

பெரம்பூர் பட்டன்:
வணக்கம் மக்களே. நாலு மாசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீட்ல திட்டு வாங்கி வாங்கி ஒரு ஆர்கேட் பெட்டி (கடைல காசு போட்டு ஆடுவோமே, அந்த வீடியோ கேம் பெட்டி) செஞ்சு முடிச்சிட்டேன். 12 மில்லி பிளைவுட், ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டர், சுருக்கமா பை), அதுல பழைய கேம் ஓட்ட ரெட்ரோபை சாஃப்ட்வேர், ரிச்சி ஸ்ட்ரீட்ல எடுத்த பழைய 17 இன்ச் சதுர மானிட்டர். 1280க்கு 1024, பழைய விஜிஏ வீடியோ பிளக்கு மட்டும்தான் இருக்கு, பைல வர்றது எச்டிஎம்ஐ, அதனால நடுவுல ஒரு எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வர்ட்டர். எல்லாமே முஸ்தபா ஆடுறதுக்காகத்தான். (கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்னு முழுப்பேர் சொன்னா நம்ம ஊர்ல எவனுக்கும் தெரியாது. மஞ்ச தொப்பிக்காரன் முஸ்தபா, கேமுக்கும் அதே பேருதான்.)

இப்ப பிரச்சனைக்கு வரேன். மெனுல சும்மா விட்டா ஒண்ணும் ஆகல. ஆட ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல ஸ்கிரீன் ரெண்டு செகண்ட் கருப்பாயிட்டு திரும்ப வருது, சவுண்டு ஏத்தி வெச்சா இன்னும் அடிக்கடி. நடுவுல சில நேரம் ஸ்கிரீன் முழுக்க ரோஸ் கலராயிடுது, பெட்டிய ஒரு தட்டு தட்டுனா சரியாவுது. இதில்லாம ஆளு நடக்கும்போது பின்னாடி இருக்குற சுவரு கோடெல்லாம் தடிச்சு மெலிஞ்சு நெளியுது. கன்வர்ட்டர் மாத்திட்டேன், எஸ்டி கார்டையும் புதுசா எழுதிட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. அடுத்த வாரம் அக்கா பசங்க வரானுங்க, மானம் போயிடும் போலருக்கு.

டபுள்கிக் தம்பி:
மானிட்டர் அவுட்டு ப்ரோ. செகண்ட் ஹேண்ட் வாங்குனா இப்டித்தான். புதுசு வாங்கிடுங்க.

மூர்மார்க்கெட் மன்னன்:
எல்சிடியே வேணாம் தல, பழைய பிக்சர் டியூப் டிவி ஒண்ண பிரிச்சு உள்ள வைங்க, அந்த பீலே தனி.

சால்டரிங் சித்தப்பா:
மன்னா, தெரியாதவங்க கிட்ட டியூப் டிவிய பிரிக்கச் சொல்லாதப்பா. ஆஃப் பண்ணி பிளக்க புடுங்குனதுக்கு அப்புறமும் டியூப் மேல ஒட்டியிருக்குற ரப்பர் தொப்பிக்கு கீழ ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி இருக்கும்.

பட்டன் தம்பி, நீங்க மூணு வியாதிய ஒரே சீட்டுல எழுதி வெச்சிருக்கீங்க, அதான் குழப்பம். முதல்ல கருப்பாவுறத பாப்போம். பைக்கு என்ன சார்ஜர்? பையோட யுஎஸ்பில என்னெல்லாம் தொங்குது? ஸ்கிரீன் மேல வலது மூலையில மஞ்சளா ஒரு மின்னல் குறி வருதா?

பெரம்பூர் பட்டன்:
அண்ணா, சார்ஜர் சூப்பர் சார்ஜர், என் போனோட 33 வாட். பெட்டி உயரமா இருக்குறதால ரெண்டு மீட்டர் கேபிள். யுஎஸ்பில ஜாய்ஸ்டிக் போர்டு ரெண்டு, சின்ன ஆம்ப்ளிபயர் ஒண்ணு, மேல பேர்ப்பலகைக்கு எல்இடி ஸ்ட்ரிப்.

மின்னல் குறி... முதல் நாள்லேந்தே வந்துச்சுண்ணா. ஆடும்போது அசிங்கமா இருக்குன்னு தேடுனேன், ஒரு வீடியோல கான்பிக் பைல்ல ஒரு வரி போட்டா மறைஞ்சிடும்னு சொன்னாங்க, போட்டுட்டேன் 😅

சால்டரிங் சித்தப்பா:
அடப்பாவி. புகை வருதுன்னு சொன்னவன் வாயில பிளாஸ்திரி ஒட்டிருக்க.

அந்த மின்னல் வந்தா பைக்கு வோல்ட் பத்தலன்னு அர்த்தம், 4.63க்கு கீழ இறங்குனா காட்டும். 33 வாட்டெல்லாம் போனுக்குத்தான், அது போன்கூட பேசி வோல்ட்ட ஏத்திக்கிட்டு குடுக்குற கணக்கு. பை கேக்குறது வெறும் 5 வோல்ட், அங்க நிறைய போன் சார்ஜர் 2 ஆம்பியரோட நின்னுடும். பை 4க்குன்னு வர்ற அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அந்த 0.1 சும்மா போடல, கேபிள்ல இழக்குறதுக்காக சேத்து வெச்சது. உங்க கேபிளோ ரெண்டு மீட்டர், அதுவும் நூல் மாதிரி இருக்கும். யுஎஸ்பி நாலு ஓட்டையும் சேத்தே 1.2 ஆம்பியர்தான் தாங்கும், நீங்க ஆம்ப்ளிபயர், லைட்டுன்னு கல்யாண வீடே நடத்துறீங்க. முக்கியமான விஷயம், உங்க கன்வர்ட்டர் கரண்ட் எடுக்குறதே எச்டிஎம்ஐல வர்ற 5 வோல்ட்லேந்துதான். டமார்னு ஒரு குத்து விழுந்தா ஆம்ப்ளிபயர் இழுக்கும், வோல்ட் சரியும், முதல்ல தூங்குறது கன்வர்ட்டர். ரெண்டு செகண்ட் கருப்பு அதான்.

மல்டிமீட்டர் இருந்தா பையோட ஊசி வரிசைல 4ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் நடுவுல வெச்சு பாருங்க, பக்கத்து பின்னோட முட்டாம. பைல கமாண்ட் அடிக்கிற டெர்மினல்ல விசிஜென்சிஎம்டி போட்டு கெட் த்ராட்டில்டும் கேட்டு பாருங்க, வோல்ட் கம்மியாச்சான்னு ஒரு நம்பர்ல சொல்லும்.

பெரம்பூர் பட்டன்:
பாத்துட்டேன்ணா. மெனுல 4.78. முஸ்தபா ஓடி வந்து ஒதைக்கும்போதெல்லாம் முள்ளு மாதிரி கீழ குத்துது, 4.5 வரைக்கும் பாத்தேன். டெர்மினல்ல எக்ஸுக்கு அப்புறம் 50005னு வருது.

சால்டரிங் சித்தப்பா:
கடைசி 5, இப்பவே வோல்ட் கம்மி, வேகத்தையும் குறைச்சிட்டேன்னு சொல்லுது. முன்னாடி இருக்குற 5, ஆன் பண்ணதுலேந்தே இந்த கதைதான்னு சொல்லுது. ஆம்ப்ளிபயரையும் லைட்டையும் தனி 5 வோல்ட் அடாப்டருக்கு மாத்துங்க, பைக்கு அதுக்குன்னு வர்ற அடாப்டர் வாங்குங்க, மறைச்ச வரிய அழிச்சிடுங்க.

ரோஸ் கலர் வேற கேஸு. பச்சை மட்டும் அந்து போனா மீதி சிவப்பும் நீலமும் சேந்து ரோஸா தெரியும். விஜிஏல ரெண்டாவது பின் பச்சை. தட்டுனா சரியாவுதுன்னா பிளக்கு லூசு. ரெண்டு பக்க ஸ்க்ரூவையும் முடுக்குனீங்களா?

பெரம்பூர் பட்டன்:
ஸ்க்ரூவே இல்லண்ணா, கடைக்காரர் குடுத்த கேபிள்ல அப்பவே காணோம். ஜாய்ஸ்டிக்க புடிச்சு ஆட்டும்போது பெட்டியே ஆடும், அதான் போல.

சால்டரிங் சித்தப்பா:
வேற கேபிள் போட்டு முடுக்கி, கேபிள ஒரு டேக் போட்டு பிளைவுட்லயே கட்டிடுங்க, வெயிட்டு பிளக்குல தொங்கக்கூடாது.

பிக்சல் பைத்தியம்:
நெளியிறதுக்கு நான் சொல்றேன், அது ரிப்பேரே இல்ல, கணக்கு. முஸ்தபா ஓடுறது கேப்காம் கம்பெனியோட சிபிஎஸ்1ங்கிற ஆர்கேட் போர்டு குடும்பத்துல, படம் 384க்கு 224. உங்க ஸ்கிரீன் 1280 அகலம், 384ஆல வகுத்தா 3.33. அதனால ஒரு பிக்சல் மூணு புள்ளி, பக்கத்துல இருக்குறது நாலு புள்ளின்னு பிரிச்சு குடுக்குது, ஆளு நகர நகர அந்த தடி பிக்சல் இடம் மாறிக்கிட்டே இருக்கும், அதான் சுவரு நெளியுது. ரெட்ரோபைக்குள்ள கேம ஓட்டுற ரெட்ரோஆர்க்ல ஆஸ்பெக்ட் ரேஷியோவ (அகல உயர அளவு) கஸ்டம்னு வெச்சு அகலம் 1152, உயரம் 896 போடுங்க. அகலத்துல சரியா மூணு மடங்கு, உயரத்துல சரியா நாலு மடங்கு. சுத்தி நாலு பக்கமும் சொல்லி வெச்ச மாதிரி 64 புள்ளி கருப்பு நிக்கும். இந்த போர்டு கேமுக்கு இந்த சதுர மானிட்டர் அமைஞ்ச மாதிரி அகலத்திரை டிவி அமையாது, தயவுசெஞ்சு புதுசு வாங்கிடாதீங்க.

டபுள்கிக் தம்பி:
சரி சரி வாபஸ் 🙏 எனக்கு ஒரு டவுட்டு, மார்டல் காம்பேட் கேம் மட்டும் என் செட்டப்ல லேசா தட்டி தட்டி ஓடுது, அதுவும் வோல்ட்டா?

பிக்சல் பைத்தியம்:
இல்ல, அந்த போர்டு செகண்டுக்கு 54.7 தடவ படம் வரையும், உங்க மானிட்டர் 60. சில படம் ரெண்டு தடவ வந்தாவணும். முஸ்தபா 59.6, அதனால கண்ணுக்கு தெரியல.

பெரம்பூர் பட்டன்:
அப்டேட். அடாப்டர் மாத்தியாச்சு, ஆம்ப்ளிபயர் தனி, கேபிள் புதுசு, மீட்டர்ல 5.07, குத்து விழுந்தாலும் 5க்கு கீழ போகல. டெர்மினல்ல வெறும் 0. 1152, 896 போட்டேன், சுவரு கம்பி மாதிரி நிக்குது, பைத்தியம் அண்ணனுக்கு ஒரு கும்புடு. நேத்து ரெண்டு மணி நேரத்துல ஒரே ஒரு தடவதான் கருப்பாச்சு, கீழ் வீட்ல தண்ணி மோட்டார் போட்ட அதே செகண்ட்.

சால்டரிங் சித்தப்பா:
மோட்டார் ஸ்டார்ட் ஆவும்போது ட்யூப்லைட்டும் ஒரு தடவ கண்ண சிமிட்டுதா? சிமிட்டுனா அது வீட்டு லைன், பெட்டி மேல தப்பில்ல. வேற ரூம் பிளக்குல போட்டு பாருங்க.

பெரம்பூர் பட்டன்:
ஆமாண்ணா சிமிட்டுது. விடுங்க, மோட்டார் காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவதான். இப்ப வேற ஒரு பிரச்சனை, அழகுக்குன்னு காசு போட ஒரு ஓட்டை வெட்டி வெச்சேன், பையன் நிஜமாவே ஏழு ரூபா போட்டுட்டான், எடுக்கணும்னா பின் பலகைல பதினாலு ஸ்க்ரூ கழட்டணும்.